அம்மா எந்த மாநிலத்தவர்?

அமெரிக்காவில் ஆளுக்கொரு மாநிலமாய்ப் பிரிந்து வாழும் தமிழ் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும்,



பெற்றோரை முறை வைத்துப் பார்த்துக்கொள்வது ஊரில் நாம் பார்த்து வளர்ந்த ஏற்பாடு. மூத்தவர் வீட்டில் நாலு மாதம், நடுவுள்ளவர் வீட்டில் நாலு மாதம், கடைக்குட்டி வீட்டில் நாலு மாதம். முறை மாறும் நாளில் ஒரு துணிப்பையும் மாத்திரை டப்பாவும் பஸ் ஏறும், அவ்வளவுதான். அந்த ஏற்பாட்டை நாம் அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டோம். நியூ ஜெர்சிக் குளிர் அம்மாவுக்கு ஆகாது என்று ஜனவரியில் கலிஃபோர்னியா. பேரப்பிள்ளைகளுக்கு லீவு என்று கோடையில் ஜார்ஜியா. இடையில் கோயில் கொடை, கல்யாணம் என்று இரண்டு மாதம் மதுரையோ திருநெல்வேலியோ.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. முதியோர் இல்லத்தில் விட்டுவிடாமல் தோளில் சுமக்கிறோம் என்ற பெருமை நமக்கு இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் பெற்றவர் கையெழுத்துப் போடக்கூடிய வரைக்கும்தான் இந்த ஏற்பாடு ஓடும். மறதிநோய் முற்றியோ பக்கவாதத்தாலோ அவர் தன் காரியத்தைத் தானே முடிவு செய்ய முடியாத நாள் வந்தால், மருத்துவமனைக்கும் வங்கிக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் அவருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். முன்கூட்டியே எதுவும் எழுதிவைக்காத குடும்பம் அப்போது நீதிமன்றப் படியேற வேண்டிவரும். அம்மாவை யார் அதிகம் பார்த்துக்கொண்டது என்றுதான் நீதிபதி முதலில் கேட்பார் என்று நினைத்துப் போகிறோம். அவர் முதலில் கேட்பது வேறு: இந்த அம்மாவைப் பற்றி முடிவு சொல்ல இந்த மாநில நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறதா?

அந்தக் கேள்விக்கு நம் முறை வைக்கும் குடும்பங்களில் பலரிடம் தெளிவான பதில் கிடையாது. அதனால்தான் இந்த மடல்.

நீதிமன்றம் எதைக் கையில் எடுக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது தாண்டிய ஒருவரால் தன் நலனைத் தானே காத்துக்கொள்ள முடியவில்லை என்று தீர்மானித்தால், அவருக்காக முடிவெடுக்கும் பொறுப்பை நீதிமன்றம் இன்னொருவரிடம் கொடுக்கிறது. இதைத்தான் கார்டியன்ஷிப் என்கிறோம். பல மாநிலங்களில் உடல்நலமும் இருப்பிடமும் பார்ப்பவர் கார்டியன், பணமும் சொத்தும் பார்ப்பவர் கன்சர்வேட்டர். கலிஃபோர்னியாவில் வயதுவந்தோருக்கு இரண்டும் கன்சர்வேட்டர்தான். டெக்சஸில் இரண்டும் கார்டியன்தான். பெயர் எதுவானாலும் விளைவு ஒன்று. எங்கே வாழ்வது, எந்தச் சிகிச்சைக்குச் சம்மதிப்பது, தன் பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற உரிமைகள் ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டு இன்னொருவரிடம் போகின்றன. குற்றம் எதுவும் செய்யாத ஒருவரின் உரிமையில் இவ்வளவு ஆழமாகக் கைவைக்கும் உத்தரவு வேறு அதிகம் இல்லை. அப்படிப்பட்ட உத்தரவை எந்த ஊர் நீதிபதி போடுவது என்பது வெறும் நடைமுறைச் சிக்கல் ஆகிவிடாது.

வேடிக்கை என்னவென்றால், குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்கா இதை முன்பே யோசித்துவிட்டது. மணமுறிவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு மாநிலம் போய் அங்கே வழக்குப் போடும் பழக்கத்துக்கு முடிவுகட்ட 1968-இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டது. 1997-இல் அதைத் திருத்தி வலுப்படுத்தினார்கள். வயதான பெற்றோருக்கு அப்போது அப்படி ஒன்றும் இருக்கவில்லை. ஒரு மாநிலத் தீர்ப்பை மற்ற மாநிலம் மதிக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. ஆனால் கார்டியன்ஷிப் உத்தரவு ஒருமுறை தீர்ந்துபோகும் தீர்ப்பு அல்ல, நாளை மாற்றக்கூடியது. ஆகவே அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்று பல மாநிலங்கள் ஒதுக்கிவிட்டன. விளைவு, ஒரே அம்மாவுக்கு இரண்டு மாநிலங்களில் இரண்டு கார்டியன்கள். இருவர் கையிலும் முத்திரை வைத்த உத்தரவு. அம்மாவை யார் முதலில் காரில் ஏற்றினார்களோ அவர் பக்கமே வழக்கும் சாய்ந்தது.

மாநிலங்களுக்குப் பொதுவான மாதிரிச் சட்டங்களை எழுதித் தரும் யூனிஃபார்ம் லா கமிஷன் என்ற அமைப்பு 2007-இல் இதற்கொரு சட்டத்தை முன்வைத்தது. மாதிரிச் சட்டம் தானாகச் சட்டம் ஆகிவிடாது. ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டும். இன்று பெரும்பாலான மாநிலங்கள் நிறைவேற்றிவிட்டன. நம்மவர் நிறைந்த நியூ ஜெர்சி, ஜார்ஜியா, வாஷிங்டன், நியூ யார்க் எல்லாம் அதில் உண்டு. கலிஃபோர்னியாவில் அது 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டெக்சஸ், ஃப்ளோரிடா போன்ற பெரிய மாநிலங்கள் நெடுங்காலம் வெளியே நின்று தங்கள் சொந்த விதிகளையே பின்பற்றின. எனவே டாலஸிலும் ஹூஸ்டனிலும் உள்ளவர்கள் கீழே நான் எழுதுவதை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ளாமல் உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சட்டத்தின் அடிப்படை எளிமையானது. ஒரு நேரத்தில் ஒரு மாநிலத்துக்குத்தான் அதிகாரம். அது எது என்பதை மூன்று படியாகப் பார்க்கிறது.

முதல் படி, ஹோம் ஸ்டேட். மனு போடுவதற்கு முந்தைய ஆறு மாதம் தொடர்ச்சியாக அவர் எந்த மாநிலத்தில் இருந்தாரோ அது. சில வாரம் வெளியே போய்த் திரும்புவது போன்ற தற்காலிகப் பிரிவு இந்தக் கணக்கை முறிக்காது. அப்படி ஒரு மாநிலம் இல்லையென்றால், கடந்த ஆறு மாதத்துக்குள் முடிந்த ஆறு மாத வாசம் எங்காவது இருந்ததா என்று பார்க்கும். எளிமையாகச் சொன்னால், ஓராண்டு நியூ ஜெர்சியில் வாழ்ந்த அம்மாவை நேற்று கலிஃபோர்னியாவுக்கு அழைத்துப் போய்விட்டால் இன்று கலிஃபோர்னியா ஹோம் ஸ்டேட் ஆகிவிடாது. இன்னும் ஆறு மாதத்துக்கு நியூ ஜெர்சிதான்.

இரண்டாம் படி, அழுத்தமான தொடர்புள்ள மாநிலம். ஹோம் ஸ்டேட் என்று ஒன்று இல்லாதபோதோ, அந்த மாநிலமே உங்கள் ஊர்தான் பொருத்தம் என்று ஒதுங்கும்போதோ இது வரும். ஹோம் ஸ்டேட்டில் யாரும் மனுப் போடாமல், தகவல் தெரிவிக்கப்பட வேண்டியவர்களில் ஒருவரும் ஆட்சேபம் சொல்லாமல் இருந்தாலும் இந்த மாநிலம் விசாரிக்கலாம். தொடர்பை எதைக்கொண்டு அளப்பது? குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள், அவர் அங்கே எத்தனை காலம் இருந்தார், சொத்து எங்கே, வாக்காளர் பதிவு எங்கே, மாநில வருமான வரி எங்கே கட்டினார், ஓட்டுநர் உரிமம், கார்ப் பதிவு, பழகும் மனிதர்கள், பெறும் சேவைகள்.

மூன்றாம் படி, மற்ற இரண்டும் ஒதுங்கிக்கொண்டால் வேறொரு மாநிலம். அரிதாகத்தான் அங்கே போகும்.

இப்போது நம் குடும்பத்துக்கு வருவோம். ஒரு கணக்குக்காக எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கலிஃபோர்னியாவின் ஃப்ரிமான்ட்டில் மகள் வீடு. மே முதல் ஆகஸ்ட் வரை ஜார்ஜியாவின் ஆல்ஃபரெட்டாவில் இளைய மகன் வீடு. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நியூ ஜெர்சியின் எடிசனில் மூத்தவர் வீடு. அக்டோபரில் பக்கவாதம் வருகிறது. எந்த மாநிலத்திலும் தொடர்ச்சியாக ஆறு மாதம் இல்லை. எடிசன்தான் வீடு, மற்ற இரண்டும் போய்வருவது என்று மூத்தவர் சொல்வார். அம்மாவின் டாக்டரெல்லாம் இங்கேதான் என்று மகள் சொல்வார். அப்பா போன பிறகு அம்மாவின் பணத்தில் வாங்கிய வீடு என் ஊரில்தான் என்று இளையவர் சொல்வார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சட்டத்தின் இரண்டாம் படியில் மூன்று மாநிலமும் தகுதி பெறக்கூடும்.

வழக்கு வளர்வது இந்த இடத்தில்தான். அன்பில் குறை இருந்து வளர்வது மட்டுமில்லை. ஒவ்வொருவரும் ஆண்டில் நாலு மாத அம்மாவை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். டிசம்பரில் எடிசனில் மறந்துபோய் அடுப்பை அணைக்காமல் விட்டதை ஃப்ரிமான்ட் அறியாது. கோடையில் ஆல்ஃபரெட்டாவில் அம்மா உற்சாகமாக இருந்ததை எடிசன் நம்பாது. ஒருவர் கார்டியன் வேண்டும் என்கிறார், ஒருவர் அம்மா நன்றாகத்தான் இருக்கிறார் என்கிறார், மூன்றாமவர் பணத்தின் மேல் கண் என்று சந்தேகப்படுகிறார். மூன்று வழக்கறிஞர்கள். கட்டணத்தில் பெரும்பங்கு கடைசியில் அம்மாவின் சேமிப்பிலிருந்தே போகவும் கூடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலத்தில் மனு வந்தால் இரு நீதிபதிகளும் நேரடியாகப் பேசிக்கொள்ளவும், சாட்சியம் எடுக்கவும், ஆவணம் அனுப்பவும் இந்தச் சட்டம் வழி செய்கிறது. எந்த நீதிமன்றம் பொருத்தம் என்று பார்க்கும்போது, தூரம், செலவு, சாட்சியம் இருக்கும் இடம், நியமித்த பிறகு கண்காணிக்க வசதி என்பவற்றோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. ஒன்று, அந்தப் பெற்றவர் தன் விருப்பமாக எதைச் சொல்லியிருக்கிறார் என்பது. இரண்டு, அவரை யாராவது துன்புறுத்தினார்களா, புறக்கணித்தார்களா, அவர் பணத்தைச் சுரண்டினார்களா, எந்த மாநிலம் அவரை அதிலிருந்து நன்றாகக் காப்பாற்றும் என்பது.

இரண்டாவதை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். பெற்றவரைத் திடீரென்று வேறு மாநிலத்துக்கு அழைத்துப்போன பிள்ளைகள் எல்லோரையும் கடத்தல்காரராகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் அம்மா பட்டினி கிடந்தால், மருந்து கொடுக்கப்படாமல் இருந்தால், அங்கிருந்து அவரை மீட்டவர் நல்லதுதான் செய்தார். அதற்காகவே அவசர அதிகாரம் என்று ஒன்று இருக்கிறது. ஹோம் ஸ்டேட் வேறாக இருந்தாலும், அம்மா இப்போது நேரில் இருக்கும் மாநில நீதிமன்றம் அவசரமாக ஒரு கார்டியனை நியமிக்கலாம். மாதிரிச் சட்டப்படி 90 நாள் வரை. ஹோம் ஸ்டேட் நீதிமன்றம் கேட்டுக்கொண்டால் அந்த அவசர வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும். கதவை உடைத்துக் காப்பாற்ற அனுமதி உண்டு. உடைத்த கதவைக் காட்டி வீட்டுக்கு உரிமை கேட்க அனுமதி இல்லை. பொய்க் காரணம் சொல்லி அழைத்து வந்து, உடன்பிறந்தவர்களுக்குத் தெரியாமல் மனுப் போட்டதாக நீதிபதி கண்டால், அந்த நியாயமற்ற நடத்தைக்காகவே வழக்கை ஏற்க மறுக்கலாம். எதிர்த்தரப்பின் செலவையும் அவர் தலையில் கட்டலாம்.

பணமும் புகழும் உள்ள குடும்பங்களே இதில் எப்படித் திணறின என்பதற்கு ஊரறிந்த உதாரணம் கேசி கேசம். அமெரிக்க வானொலியில் ‘அமெரிக்கன் டாப் 40’ நிகழ்ச்சியால் வீட்டுக்கு வீடு தெரிந்த குரல். லெபனானிலிருந்து குடியேறியவர்களின் மகன். கடைசிக் காலத்தில் லூயி பாடி டிமென்ஷியா என்ற மறதிநோய் அவரைப் பேசவும் விடவில்லை. இரண்டாம் மனைவிக்கும் முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்கும் நடுவே, அவரைப் பார்ப்பது யார், சிகிச்சையைத் தீர்மானிப்பது யார் என்ற சண்டை. 2014 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் மகளைத் தற்காலிகப் பொறுப்பாளராக்கியபோது தகப்பன் கலிஃபோர்னியாவிலேயே இல்லை. எங்கே இருக்கிறார் என்று தேட நீதிமன்றமே உத்தரவிட வேண்டியதாயிற்று. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நண்பர் வீட்டில் இருப்பது பிறகு தெரிந்தது. வழக்கு அந்த மாநில நீதிமன்றத்துக்கும் போனது. ஜூன் 15-ஆம் தேதி 82 வயதில் வாஷிங்டன் மாநிலத்திலேயே அவர் இறந்தார். சண்டை உடலையும் விடவில்லை. ஆறு மாதம் கழித்து அவரை அடக்கம் செய்தது நார்வேயின் ஆஸ்லோ நகரில். அப்போது வாஷிங்டனில் 2007-இன் மாதிரிச் சட்டம் நடைமுறையில் இருந்தது, கலிஃபோர்னியாவில் இன்னும் வரவில்லை. சட்டம் இரு பக்கமும் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் சேர்ந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த நீதிபதி என்ற கேள்விக்காவது விரைவில் பதில் கிடைத்திருக்கும்.

இது முதியவர்களுக்கு மட்டுமான செய்தி இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற நிலையோடு வளரும் பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்களுக்கும் இது வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்பும் நாளில், நேற்றுவரை கையெழுத்துப் போட்ட தாய் தகப்பன் சட்டத்தின் கண்ணில் வெளியாள் ஆகிவிடுகிறார்கள். நியூ ஜெர்சியில் வழக்குப் போட்டு கார்டியன்ஷிப் வாங்குகிறீர்கள். மறு ஆண்டு கம்பெனி ஆள்குறைப்பு. புது வேலை சியாட்டிலில். அந்த உத்தரவு உங்கள் சாமான் லாரியோடு தானாக வந்துவிடாது. அதை மாற்றிக்கொள்ள இரண்டு நீதிமன்றத்திலும் மனுப் போட வேண்டும். பிள்ளை அங்கே நிரந்தரமாகக் குடியேறுகிறார், பார்த்துக்கொள்ளும் திட்டம் சரியாக இருக்கிறது என்று பழைய மாநிலம் தற்காலிக உத்தரவு போடும். அதை வைத்துப் புது மாநிலம் தற்காலிகமாக ஏற்கும். பிறகு இரண்டும் இறுதி உத்தரவு போடும். புது மாநிலச் சட்டத்துக்கு ஏற்ப உத்தரவில் ஏதும் திருத்த வேண்டுமா என்று 90 நாளுக்குள் அந்த மாநில நீதிமன்றம் பார்க்கும். முதலிலிருந்து வழக்கு நடத்தி, பிள்ளையை மறுபடி மருத்துவர்கள் முன் நிறுத்தித் திறனில்லை என்று நிரூபிக்கும் வேதனை மிச்சம். மூட்டை கட்டுவதற்கு முன்பே மனுவைத் தொடங்குங்கள்.

குடிபெயராமல், வேறு மாநிலத்தில் ஒரு வீட்டை விற்கவோ ஒரு மருத்துவமனையில் சேர்க்கவோ மட்டும் அதிகாரம் தேவை என்றால் மாற்ற வேண்டியதில்லை. நியமித்த நீதிமன்றத்துக்குத் தெரிவித்துவிட்டு, உத்தரவின் சான்றிட்ட நகலை அந்த மாநில நீதிமன்றத்தில் பதிவு செய்தால் போதும். இந்தச் சிறிய வழி இருப்பது தெரியாமலே பலர் பெரிய வழக்குக்குப் போகிறார்கள்.

மாநில எல்லை போதாதென்று நமக்கு இன்னோர் எல்லையும் இருக்கிறது. விசிட்டர் விசாவில் வந்த அப்பா நாலாவது மாதம் மயங்கி விழுகிறார் என்று வையுங்கள். இங்கே அவருக்கு ஆறு மாத வாசம் கிடையாது. இந்தச் சட்டம் வெளிநாட்டையும் ஒரு மாநிலத்தைப் போலக் கருதிக்கொள்ள நீதிபதிக்கு அனுமதி தருகிறது. அப்படிக் கருதினால் அவருடைய ஹோம் ஸ்டேட் இந்தியா. இங்கே அவசர அதிகாரத்தில் சிகிச்சைக்கு வழி பிறக்கலாம். ஊர் வீட்டுக்கும் ஊர் வங்கிக் கணக்குக்கும் அந்த உத்தரவு நேரடியாகச் செல்லாது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ் தீர்ப்புகளை நேரடியாக நிறைவேற்றிக்கொள்ளும் நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா இல்லை. வயதுவந்தோர் பாதுகாப்புக்காக 2000-இல் ஹேக் நகரில் உருவான சர்வதேச ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் சேரவில்லை.

ஊரிலும் பாதை நேராக இல்லை. 1987 மனநலச் சட்டத்தில் சொத்தைப் பராமரிக்க மேலாளரை நியமிக்கும் வழி இருந்தது. 2017-இல் வந்த புதுச் சட்டம் அதைக் கைவிட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-இன் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். மறதிநோய்க்கும் கோமாவுக்கும் அது பொருந்தாது. அவற்றுக்கு உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுகிறார்கள். 2019-இல் கேரள உயர்நீதிமன்றம் கோமாவில் இருப்பவர்களுக்குப் பாதுகாவலர் நியமிக்க நெறிமுறை வகுத்தது. 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் கோமாவில் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள மனைவியைப் பாதுகாவலராக்கியது.

நம்மில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இங்கே எழுதும் பவர் ஆஃப் அட்டர்னி, டியூரபிள் வகையாக இருந்தால், எழுதியவருக்கு நினைவு தப்பிய பிறகும் செல்லும். ஊரில் எழுதும் பவர் பத்திரம் அப்படி இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் சித்தம் கலங்கினால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். ‘அப்பாதான் பவர் கொடுத்திருக்காரே’ என்று பெரியவர் நினைவிழந்த பிறகும் கோயம்புத்தூர் மனையை விற்கப் போகிறவர்கள் இதை அறிந்துகொள்ளுங்கள். ஊர்ச் சொத்தில் செய்ய வேண்டியதைப் பெற்றவர் தெளிவாக இருக்கும்போதே செய்துவிடுவதே நல்லது.

இவ்வளவும் சொன்னது வழக்குப் போடக் கற்றுக்கொடுக்க இல்லை. நீதிமன்றம் கடைசிக் கதவாகத்தான் இருக்க வேண்டும். டியூரபிள் பவர் ஆஃப் அட்டர்னி ஒன்று, மருத்துவ முடிவுக்கான ஹெல்த் கேர் பிராக்ஸி ஒன்று ஒழுங்காக எழுதியிருந்தால் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கார்டியன் தேவையே படாது. முழுத்திறன் இல்லாத, ஆனால் துணையிருந்தால் முடிவெடுக்கக் கூடிய இளைஞர்களுக்கு, உரிமையைப் பறிக்காமல் துணையை மட்டும் சட்டபூர்வமாக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கு முதலில் சட்டம் இயற்றியது 2015-இல் டெக்சஸ். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் மட்டும் பவர் ஆஃப் அட்டர்னியை ஏற்காது. தன் விதிப்படி ஒருவரைப் பணம் பெறுபவராக நியமிக்கும். அது மத்திய அரசின் ஏற்பாடு, மாநில எல்லை அதற்குக் கிடையாது.

இனி என் வேண்டுகோள்கள்.

உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே அழைப்பில் சேர்ந்து, பெற்றவரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர் இல்லாத வாட்ஸப் குழுவில் அவரைப் பற்றி முடிவு செய்யாதீர்கள். ‘உங்களுக்கு எந்த ஊர் உங்கள் வீடு? உங்களால் முடியாமல் போனால் உங்களுக்காக யார் பேச வேண்டும்?’ இந்த இரண்டையும் கேளுங்கள். ‘எங்கே இருந்தா என்னப்பா, உங்க சௌகரியம்’ என்பது முதல் பதிலாக வரும். யாரையும் நோகடிக்காமல் இருக்க அவர்கள் ஆயுள் முழுதும் பழகிய பதில் அது. அதோடு விட்டுவிடாதீர்கள். பத்து நாள் கழித்து மறுபடி கேளுங்கள், தனியாகவும் கேளுங்கள். கிடைத்த பதிலை எழுதி, தேதி போட்டு, ஆவணங்களிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். முன் சொன்ன ‘தெரிவித்த விருப்பம்’ என்ற சட்ட வாசகத்துக்கு நீதிபதி கையில் கிடைக்கப்போகும் சான்று அதுதான்.

விருப்பம் ஒரு ஊர், காகிதமெல்லாம் வேறு ஊர் என்று விடாதீர்கள். எடிசன்தான் வீடு என்று அம்மா சொன்னால், வரி, வாக்குரிமை, அடையாள அட்டை, முதன்மை மருத்துவர் எல்லாம் எடிசனுக்கு வரட்டும். ஃப்ரிமான்ட்டும் ஆல்ஃபரெட்டாவும் போய்வரும் இடம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். அவர் இருந்த இடமும் தேதியும் ஒரு நோட்டில் இருக்கட்டும். மருத்துவக் குறிப்புகள் மூன்று வீட்டுக்கும் போகட்டும். நாலு மாத அம்மாவை வைத்துச் சண்டை போடாமல் இருக்க அதுவே வழி.

நினைவாற்றல் சோதனை என்று வந்தால், தமிழில் யோசிக்கும் ஒருவரை ஆங்கிலக் கேள்வியால் மட்டும் அளக்க விடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். வழக்கில் கட்சிக்காரராக நிற்கும் மகனோ மகளோ அந்த வேலையைச் செய்யக் கூடாது. நீதிமன்றம் வரை போக நேர்ந்தாலும், முழு அதிகாரம் கேட்காமல் தேவைப்பட்ட அளவுக்கு மட்டும் கேளுங்கள்.

தமிழ்ச் சங்கத்துப் பொறுப்பாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 1965 குடியேற்றச் சட்டம் திறந்த கதவு வழியே வந்து இந்தச் சங்கங்களைத் தொடங்கிய தலைமுறை இன்று எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சங்கங்களெல்லாம் சேர்ந்து நடத்தும் பேரவை விழாவில் பட்டிமன்றத்துக்கும் பறையாட்டத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். முதியோர் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரையும், கையெழுத்தைச் சான்றிட நோட்டரி ஒருவரையும் அமர்த்துங்கள். பல மாநிலத்துப் பிள்ளைகளும் பெற்றவர்களும் ஒரே கூரையின் கீழ் கூடுவது அந்த விழா நாள்களில்தான். பேச வேண்டியவர்கள் எல்லோரும் அங்கேயே இருப்பார்கள்.

சட்டம் தன் பங்குக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெற்றவரை எந்த விமானம் எங்கே இறக்கியது என்பதைவிட, அவர் எங்கே வாழ்ந்தார், என்ன விரும்பினார் என்பதே கணக்கு. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இப்போது உங்கள் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறார். அவர் சொல்லும் நிலையில் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே முறை வைக்கும் வீட்டிலிருந்து ஒருவர்